எடை மேடைக்காரரின் அறுபத்திரண்டு கிலோ

எடை மேடைக்காரருக்கு அப்படியொரு வாய். இருபது வருஷமாக ஒரே அறுபத்திரண்டு கிலோ என்று கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். அவர் வேலை பார்ப்பது லாரிகளை எடை போட்டு அனுப்பும் கிடங்கில். காலையில் அங்கிருக்கும் சின்னத் தராசில் ஏறி, முள் நகரவில்லை என்று பார்த்த பிறகுதான் கண்ணாடி அறைக்குள் போய் உட்காருவார். தொப்பை போட்ட மேலாளரைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. இளவயதில் பன்னிரண்டு வருஷம் மூட்டை தூக்கியவர். நாற்காலி அப்புறம் கிடைத்ததுதான்.

தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அண்ணனின் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தியது. ஒன்றென்ன, இரண்டையுமே எடுத்துக்கொள்ளட்டும் என்று கையெழுத்துப் போட வந்தவரை டாக்டரம்மா உட்காரவைத்தார். நீரிழிவின் வாசலில் நிற்கிறீர்கள், இடுப்பு முப்பத்தெட்டு அங்குலம், இப்போது ஆப்பரேஷன் முடியாது என்றார். எடை ஏறவே இல்லையே என்று இவர் சண்டைக்கு நின்றார்.

"எடை அதேதான். உள்ள இருக்கறது மாறிடுச்சு. தசை கரைஞ்சு, வயித்துல கொழுப்பு சேர்ந்திருக்கு. ரத்தத்துல இருக்கற சர்க்கரையை இழுத்துக்கறதே தசைதான். நாளைக்கு நீரிழிவு வந்தா, மிச்சமிருக்கற ஒரு கிட்னியும் போயிடும். மூணு மாசம் கழிச்சு வாங்க."

மறுநாள் ஒரு மணல் லாரி வந்தது. எடை சரியாக இருந்தது. ஆனால் அடியில் தண்ணீர் சொட்டியது. ஈர மணல், பாதி எடை தண்ணீர். வழக்கம்போல் ஓட்டுநரை வாங்கு வாங்கென்று வாங்கித் திருப்பி அனுப்பினார். லாரி வாசலைத் தாண்டும்போதுதான் உறைத்தது. சட்டையைத் தூக்கித் தொந்தியைப் பார்த்தார்.

உறைத்து என்ன பயன், தராசுப் புத்தி போகுமா? பட்டினி கிடந்தார். ஐந்தே வாரத்தில் ஐம்பத்தாறு. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே, ஆஸ்பத்திரியிலிருந்து தங்கையைக் கூட்டி வரும்போது, மாடிப்படி நடுவில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். நோயாளிதான் அண்ணனைத் தூக்கிவிட்டாள்.

"எனக்குத் தண்ணி கோத்து ரெண்டு நாள்ல மூணு கிலோ ஏறுது. அது சதையாண்ணே? நீ கொழுப்பைக் குறைக்கல, பலத்தைக் குறைச்சிருக்க. இப்படிப் போனா டாக்டரம்மா உன்னைத் தொடக்கூட மாட்டாங்க."

அடுத்த வாரம் மூட்டை தூக்குகிறவர்களிடம் போய் நின்றார். நாற்காலி இறங்கி வந்திருக்கிறது பாருங்கள் என்று அவர்கள் ஓட்டினார்கள். அரை மூட்டையில் ஆரம்பித்தார். முட்டை, பயறு, கீரை என்று மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டார். முள் ஏறியது. ஐம்பத்தெட்டு, அறுபது. தங்கையின் உயிரை வைத்து விளையாடுகிறோமோ என்று பயந்து, எத்தனையோ காலையில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் திரும்ப இழுத்துக்கொண்டார். பெல்ட் மட்டும் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது.

பரிசோதனை நாளில் அறுபத்தொன்று. மூன்று மாதத்தில் குறைந்தது ஒரே கிலோ. டாக்டரம்மா அறிக்கையை இரண்டு தரம் புரட்டினார். சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது, தேதி குறிக்கலாம் என்றார் அவர்.

"அப்பாடா, மூட்டைக்கு முழுக்குப் போட்டுடலாம்" என்றார் இவர்.

பக்கத்தில் இருந்த தங்கை சிரிக்கவில்லை.

"அப்ப தேதி வேணாம் டாக்டர். கிட்னி வேணும்தான், ஆனா எனக்கு அண்ணன் வேணும். ஆயுசுக்கும் உடம்பைப் பாத்துக்கறேன்னு சொல்லட்டும். இல்லேன்னா எனக்கு மெஷினே போதும்."

அவர் அவள் கையைப் பார்த்தார். ஊசி ஏறி ஏறித் தடித்துப்போன கை. அந்தக் கை காத்திருந்ததைத் தட்டிவிட அவள் தயாராக இருந்தாள், அவருக்காக. தலையை ஆட்டினார். அவளுக்கு அது போதவில்லை.

"பாத்துக்கறேன்" என்றார்.

தங்கை மூக்கைத் துடைத்துக்கொண்டு டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். இப்போது குறியுங்கள் என்றாள்.