புதுக் கார்ட் கேட்டு வந்தவர்கள்

கம்ப்யூட்டர் கடையில் நிற்கிறவன் விடிந்தால் பொழுதுபட்டால் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பழைய கிராபிக்ஸ் கார்ட் போதுமா, புதிதாகப் போடவேண்டுமா? டாக்டரிடம் போகிறவன் வருத்தத்தைச் சொல்லி மருந்து கேட்பான். எங்களிடம் வருகிறவன் மருந்தைத் தானே தீர்மானித்துக்கொண்டு வருவான். வருத்தத்தை நாங்கள்தான் தேடிப் பிடிக்கவேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கின எல்லோருக்கும் இது தெரியும். உங்களுக்கு நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

பெட்டி துடைக்கிறவர்

நான் குணம், ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் சிஞ்ஞோராமார் என்கிற வீட்டுக்கார அம்மாமாரின் வீடுகளைத் துடைத்தேன். முழங்கால் போனபிறகு ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சால்வோ என்னை வேலைக்கு எடுத்தான். பெட்டியைத் திறப்பது, காற்றடித்துத் தூசி எடுப்பது, திரும்பப் பூட்டுவது. ஆபிரிக்காப் பக்கமிருந்து ஷிரோக்கோ காற்று வீசினால் இந்த ஊரில் கதவைச் சாத்தினாலும் மண் உள்ளே வரும். ஆகவே எனக்கு வேலைக்குக் குறைவில்லை.

முதன்முதலில் ஒரு கிராபிக்ஸ் கார்டைக் கையில் எடுத்தபோது ஒரு செங்கல்லின் பாரம் இருந்தது. திரையில் ஓடும் விளையாட்டின் ஒவ்வொரு படத்தையும் இதுதான் வரைகிறது என்றான் சால்வோ. கடல் வந்தால் கடலை, மழை வந்தால் ஒவ்வொரு துளியையும், கண் மூடித் திறப்பதற்குள் பத்துத் தரம் புதிதாக வரையுமாம். நான் அதைத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் மேசையில் வைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் வைக்கிறேன்.

அந்த மாதமே ஊரின் ஒரேத்தோப் பகுதியில் ஒரு கலியாண வீடு. பலெர்மோவுக்கு வந்த புதிதில் என்னோடு ஒரே அறையில் மூன்று வருடம் படுத்தெழும்பிய தவராசாவும் வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் பன்னிரண்டு பேர் இருக்க, யாரோ என் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். நான் வாயைத் திறக்கமுதல் தவராசா சொல்லிவிட்டு, சிரிப்பு அடங்கமுதல் எழும்பிக் கை கழுவப் போய்விட்டார். எட்டு வருடமாகிறது. அவருடைய தெருவால் போனால் எனக்கு வீடு ஏழு நிமிடம். நான் சுற்றிப் போகிறேன், பதினெட்டு நிமிடம். கோயிலில் அவர் நிற்கிற வரிசையில் நான் பிரசாதம் வாங்குவதில்லை. அவர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் வைத்திருக்கிறேன்: "குணம் முந்தி வீடு துடைச்சவர், இப்ப பெட்டி துடைக்கிறார்."

இருட்டில் இருந்த கார்ட்

ஒரு பல்கலைக்கழகப் பெடியன் வந்தான், சிசிலிக்காரன். ஒரு வருடத்துக்குமுன் பெரிய கார்ட் ஒன்று வாங்கித் தானே பூட்டினானாம். விளையாட்டெல்லாம் விக்கி விக்கி ஓடுகிறதாம். அதைவிடப் பெரியது வேண்டும் என்றான். சால்வோ அலுமாரியைத் திறக்கப் போனான். கொஞ்சம் பொறு என்றேன். எனக்கு ஒரு பழக்கம், பழையதைத் திறந்து பார்க்காமல் புதியதைப் பற்றிப் பேச விடமாட்டேன். வீடு துடைத்த காலத்துப் பழக்கம் அது. புதுக் கம்பளம் வாங்கமுதல் பழையதை ஒருதரம் உதறிப் பார் என்பேன், சிஞ்ஞோராமார் கேட்க மாட்டார்கள்.

திறக்கவே தேவையில்லாமல் போய்விட்டது. வீட்டில் எல்லா வயரையும் எப்படிப் பூட்டியிருந்தாயோ அப்படியே பூட்டிக் காட்டு என்றேன். திரையின் வயரை அவன் கார்டில் செருகவில்லை. அதற்கு மேலே, பெட்டியோடு வருகிற சாதாரண ஓட்டையில் செருகினான். ஒரு வருடமாகக் கார்ட் உள்ளே இருந்திருக்கிறது, அதனிடம் யாரும் ஒரு படம்கூடக் கேட்கவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டு இலை போடாமல் இருத்தி வைத்த மாதிரி. வயரை நான்கு விரற்கடை கீழே மாற்றிச் செருகினேன். திரையில் ஒரு காடு எழும்பி வந்தது. இலையெல்லாம் தனித்தனியாக ஆடின. பெடியன் கேட்டான்: "அப்ப ஒரு வருஷமா நான் எதைப் பாத்துக்கொண்டிருந்தனான்?"

மலை ஏறும் சிஞ்ஞோரா

வியா மக்வேதாத் தெருவில் ஐந்தாம் மாடியில் ஒரு சிஞ்ஞோரா இருக்கிறார். லிஃப்ட் இல்லாத வீடு. பதினான்கு வருடம் அந்த வீட்டை நான் துடைத்திருக்கிறேன். இப்போது எண்பது தாண்டிவிட்டது, படி இறங்க முடியாது. பேரன் கொடுத்த கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நாளும் காலையில் மலை ஏறுகிறார். விளையாட்டில் வில்லும் வாளும் எல்லாம் இருக்கிறது, அவர் ஒன்றையும் தொடுவதில்லை. நடப்பார். பனியில் அவருடைய காலடி பதியும். திரும்பி நின்று, தான் நடந்து வந்த தடத்தைப் பார்ப்பார்.

மலையின் மேல்பகுதிக்குப் போனால் பெட்டி இரைகிறது, புதுக் கார்ட் போடவேண்டும் என்று பேரன் சொல்லிவிட்டான். நான் போய் இருந்து பார்த்தேன். உச்சி நெருங்க நெருங்க விசிறி இரைந்தது உண்மைதான், ஆனால் படம் ஒருதரமும் தடுமாறவில்லை. தூசி எடுத்தால் சத்தம் போய்விடும், புதியது தேவையில்லை என்றேன். அவருக்கு அது சந்தோசமாக இல்லை. தூசியையும் பாதிதான் எடுக்க விட்டார். காரணம் கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நான் ஏறேக்கை அதுவும் மூச்சு வாங்குது. அதை நிப்பாட்டினா நான் தனிய எல்லோ ஏறவேணும்."

வெள்ளிக்கிழமை வந்தவர்

போன நவம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கடைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு தவராசா வந்தார். கையில் கம்ப்யூட்டர் பெட்டி, குழந்தையைத் தூக்குவது போல். நான் வேலை செய்கிற கடை என்று தெரிந்துதான் வந்திருந்தார், ஏனென்றால் என்னைக் கண்டு திடுக்கிடவில்லை. இருப்பதிலேயே பெரிய கார்டைப் போடச் சொன்னார். ஊரில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்களாம்.

நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன், இதில் என்ன செய்கிறீர்கள் என்று. லொறி ஓட்டுகிறேன் என்றார். மகனோடு. மகன் சயந்தன் மூன்று வருடத்துக்குமுன் அப்பாவோடு சண்டை பிடித்துக்கொண்டு வடக்கே தொரீனோ நகரத்துக்குப் போனவன். அவன் தன் பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் எழும்பிப் போய்விட்டாராம். இவருடைய பழக்கம் எனக்குத் தெரியாதா? டெலிபோனில் அவன் இரண்டு நிமிடத்துக்குமேல் பேசமாட்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இருவரும் கம்ப்யூட்டரில் ஒரு லொறி விளையாட்டில் ஆளுக்கொரு லொறியில் ஏறி, ஒருவர் பின்னால் ஒருவராக ஐரோப்பா முழுக்க ஓட்டுவார்கள். ரோட்டைப் பார்த்துக்கொண்டு கதைப்பதென்றால் மணிக்கணக்கில் கதைப்பானாம்.

இப்போது நான்கு ஞாயிறாகப் பெட்டி பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது. மகன் நம்பவில்லை. தவராசா பெட்டியின் மேல் கையை வைத்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நான் கோவத்திலை நிப்பாட்டிப்போட்டு எழும்பிப் போறன் எண்டு நினைக்கிறான். வாற ஞாயிறும் நிண்டா இனி வரமாட்டானாம்."

சந்தனம்

சால்வோ பெரிய கார்டை அலுமாரியிலிருந்து எடுத்துவிட்டான். பெட்டிக்குள் அது போகும். ஆனால் அதற்கு மின்சாரம் கொடுக்கிற பகுதியும் பெரிதாக மாற்றவேண்டும், அது செவ்வாய்க்கிழமைதான் வரும். ஞாயிறு போய்விடும். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: பழையதைத் திறக்காமல் விட்டுவிடலாமோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன். எட்டு வருடம் சுற்றிப் போன கால் அது. கடையில் நின்ற உங்களுக்கு இந்த ஆசை வந்ததில்லை என்றால் நீங்கள் என்னைவிட நல்லவர்கள்.

ஆனால் பழக்கம் விடவில்லை. திறந்தேன். சாம்பிராணிக் கரி ஒரு விரல் தடிப்பு. சாமிப்படத்துக்குக் கீழேதான் பெட்டியை வைத்திருக்கிறார். கார்டைக் கழற்றித் திருப்பினேன். இரண்டு விசிறியின் நடுவிலும் வட்டமாகச் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். ஒரு விசிறி சுற்றுகிறது. மற்றதில் சந்தனம் இடுக்குக்குள் இறங்கி, காய்ந்து, சீமெந்து போல் பிடித்திருந்தது. பாதிக் காற்றோடு அந்தக் கார்ட் ஒவ்வொரு ஞாயிறும் பத்து நிமிடம் இவருக்காக ரோட்டை வரைந்திருக்கிறது. எனக்கு அதைப் பார்க்க ஒருமாதிரிப் போய்விட்டது.

சரஸ்வதி பூசைக்கு வைத்ததாம். எல்லோரும் வெளியே திரையில்தானே பொட்டு வைப்பார்கள் என்றேன். வேலை செய்கிறது உள்ளேதானே, அதற்குத்தானே வைக்கவேண்டும் என்றார். மகனைக் கொண்டுவந்து சேர்க்கிற பொருளுக்கு, கீழிருந்து விரலை விட்டு, தடவித் தடவி வைத்திருக்கிறார்.

நான் ஸ்பிரிட் போத்தலையும் பஞ்சுக் குச்சியையும் எடுத்தேன். பிறகு அவரிடம் நீட்டினேன். பூசையில் வைத்த பொட்டை வைத்தவர்தான் எடுக்கவேண்டும் என்றேன். அது உண்மையோ என்று எனக்குத் தெரியாது. அவர் மறுக்கவில்லை. முக்காலியில் இருந்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, விசிறியை ஒவ்வொரு இதழாகத் துடைத்தார். அழுத்தினால் உடையும் என்று நான் சொல்லச் சொல்ல விரலைத் தளர்த்தினார். நாலு பஞ்சுக் குச்சி, பத்துக் குச்சி, இருபது குச்சி. ஒரு மணித்தியாலம் போனது. கடைசியில் விசிறியை விரலால் தட்டினார், அது காற்றாடி போல் சுற்றியது. சுற்றி முடியும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முதுகை நிமிர்த்தினார்: "குணம், இது லேசுப்பட்ட வேலை இல்லை."

ஞாயிறு நாலு மணி

கடையில் அரைமணித்தியாலம் ஓட விட்டுப் பார்த்தோம், நிற்கவில்லை. ஆனாலும் அவருக்குப் பயம். புதியதென்றால் நிச்சயம்தானே என்றார். புதியது செவ்வாய்க்குப் பிறகுதான் என்றேன், இதற்கு நான் பொறுப்பு என்றும் சொன்னேன். வாய் அப்படிச் சொல்லிவிட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமை அவருடைய தெருவுக்குள் நானே போகவேண்டி வந்தது. பெட்டியைச் சாமிப்படத்திலிருந்து தள்ளி ஜன்னல் பக்கம் வைக்கச் செய்து, அதற்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். அவருடைய மனுசி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. நான் குடிக்கவில்லை. அது வேறு கணக்கு.

நாலு மணிக்கு லொறிகள் புறப்பட்டன. மழை பெய்கிற ஒரு ரோட்டு. கண்ணாடியில் விழும் துளியை வைப்பர் தள்ள, தள்ளின இடத்தில் மறுபடி துளி. முன்னால் மகனின் லொறி, அதன் சிவப்பு விளக்கு ஈர ரோட்டில் நீளமாக விழுந்து ஓடியது. உள்ளங்கை அகலமான இரண்டு விசிறிகள் சுற்ற, இவ்வளவு மழையும் அந்தப் பெட்டிக்குள் இருந்து பெய்கிறது. மகன் அதிகம் பேசவில்லை, ஓம், இல்லை, அவ்வளவுதான். ஒன்பது நிமிடம். நான் பெட்டியின்மேல் கையை வைத்தேன், இளஞ்சூடு. பத்து நிமிடம். தவராசா மேசையில் பூட்டியிருந்த விளையாட்டு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். பதினொன்று.

பதினொன்றாவது நிமிடத்தில் மகனின் லொறி ரோட்டோரம் ஒதுங்கி நின்றது. இரண்டு பக்க விளக்கும் விட்டு விட்டு எரிந்தன. அந்த இடத்தில்தான் நான்கு கிழமையும் அவன் தனியாக நின்று, பின்னால் வராத லொறியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். தவராசா மெதுவாகக் கொண்டுபோய் அவன் பின்னால் நிறுத்தினார். இரண்டு லொறியும் மழையில் விளக்குப் போட்டுக்கொண்டு நின்றன. பிறகு மகனின் குரல் வந்தது: "அப்பா, இண்டைக்கு எழும்பிப் போகேல்லை என்ன? சரி, நீங்கள் முன்னாலை போங்கோ, நான் பின்னாலை வாறன்."

எட்டு வருடக் கடை அனுபவத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: புதுக் கார்ட் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழையதைத் துடைத்தால் போதும், தவராசாவின் சொல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் முழங்கால் நோவதால் வீட்டுக்கு இப்போது ஏழு நிமிட வழியால்தான் போகிறேன்.