ராணியின் மோதிரம் தானாகக் கழன்றதா?

பீலித் தண்ணீரின் குளிர் முதலில் விரல்களுக்குத்தான் ஏறும். பிறகு எலும்புக்கு...

ஞாயிற்றுக்கிழமை மதியம். லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே, பீலிக் குழாயிலிருந்து மலைத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். ஈரக் கம்பளி நாற்றமும் சவுக்கார வாசனையும் கலந்து நிற்கும். நானும் ரோஸ்மேரியும் மோதிரத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

எங்கள் மோதிரம் இல்லை. கதையில் வந்த மோதிரம்.

இலங்கை மலையகத்தில் வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், எழுபதுகளின் கடைசி. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த டீச்சர். ரோஸ்மேரி கொழுந்து பறித்தாள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். தலவாக்கலைக் கடையொன்றில் சாமான் சுற்ற வைத்திருந்த பழைய பத்திரிகைக் கட்டிலிருந்து ஒரு தொடர்கதையை நான் பொறுக்கி எடுத்து வந்திருந்தேன். பனி மூடிய ஒரு தேசம், ஒரு ராணி, நான்கு மாய மோதிரங்கள். நாலாவது மோதிரம் விரலில் இருக்கும்வரை ராணியால் எல்லை ஆற்றைத் தாண்ட முடியாது. எங்களிடமிருந்த கடைசித் தாளில் அந்த மோதிரம் ஆற்றில் விழுகிறது. அதற்கு மேல் தாள் இல்லை. கடைக்காரர் அதில் யாருக்கோ பருப்பு சுற்றிக் கொடுத்திருப்பார்.

மோதிரம் எப்படி விழுந்தது? அதுதான் எங்கள் வழக்கு.

"அது தானா கழண்டுச்சி டீச்சர். மொத மோதிரம் பேசுதுல்ல? அப்ப நாலாவதுக்கும் உசுரு இருக்கும்ல?" என்பாள் ரோஸ்மேரி. என்னைக் கேலி செய்யத்தான் அந்த 'டீச்சர்'.

"பேசினா போதுமா? கழண்டு விழ கை கால் வேணாமா? ராணிதான் நழுவவிட்டா. அவளுக்குப் போகணும்னு ஆசை."

"போடி... ராணி அப்படிச் செய்ய மாட்டா. அவ நல்லவ."

"நல்லவங்களுக்கு ஆசை இருக்காதாக்கும்!"

பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருக்கும் பாக்கியம் அக்கா தலையிலடித்துக்கொள்வார். "ராணி சொத்துக்கு இங்க ரெண்டு பேரு கோர்ட்டு நடத்துறாளுக. வாளிய நகத்துங்கடி, தண்ணி வீணாப் போவுது!"

அந்த வருஷம் ரோஸ்மேரி வீட்டில் எல்லாருக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது; வந்துவிட்டால் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குப் போயே ஆகவேண்டும். அப்பா, அம்மா, தம்பி, அவள். அதே சமயம் நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து ஒரு மாப்பிள்ளையும் வந்தார். நல்ல மனிதர், இந்த நாட்டுப் பிரஜை. அவரைக் கட்டிக்கொண்டால் அவள் இங்கேயே இருக்கலாம். மாதா கோயிலில் வைத்து மோதிரம் போட்டார்கள். அவள் போக மாட்டாள் என்று எனக்கு அப்படியொரு நிம்மதி.

கொழுந்து பறிக்கிற கையில் மோதிரம் நிற்காது. மழையும் குளிரும் விரலைச் சுருக்கிவிடும். அதனால் பெண்கள் மலைக்குப் போகும்போது மோதிரத்தைக் கழற்றிக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொள்வார்கள். ரோஸ்மேரி கழற்ற மாட்டேன் என்றாள். அவளுடைய மோதிரத்தின் அடிப்பக்கம் நூல் சுற்றி இறுக்கிக் கொடுத்தது நான்தான். சிவப்பு நூல்.

ஆனி மாத மழையில் ஒருநாள் அது தொலைந்துபோனது.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எல்லாருடைய கூடையையும் கொட்டிப் பார்த்தார்கள். கங்காணி கத்தினாலும் அவரும் குனிந்து தேடினார். ஃபேக்டரியில் கொழுந்தை வாட்டப் பரப்பியிருந்த தட்டுகளையெல்லாம் துழாவினார்கள். கிடைக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா வந்து வாசலிலேயே நின்றார். "மோதிரம் தங்காத கையி, குடும்பம் தங்குமா?" என்றார். அவ்வளவுதான், கல்யாணம் நின்றது.

அடுத்த ஞாயிறும் துணியோடு பீலிக்கு வந்தோம். பாக்கியம் அக்கா வாளியோடு மேலே போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, விட்டுக்கொடுத்தேன்.

"நீ சொன்னதுதான் சரி புள்ள. மோதிரம் தானாத்தான் கழண்டு போயிருக்கு. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் துணியைப் பிழிந்தாள். மறுபடியும் பிழிந்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இல்லடி... நீ சொன்னதுதான் சரி. நூல நான்தான் பிரிச்சேன்."

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"அம்மா ராத்திரியெல்லாம் இருமுது. அங்க போயி யாரு பாப்பா? கல்யாணம் வேணாம்னு வாயத் தொறந்து சொன்னா அப்பா வெட்டிப் போட்ருவாரு. விழுந்தா விழட்டும்னு பிரிச்சேன். விழுந்துருச்சி."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சொல்லியிருந்தால் அந்த நூலை இன்னும் இறுக்கிச் சுற்றியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

வட்டகொடை ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிடத் தோட்டமே வந்திருந்தது. எல்லாரும் அழுதார்கள். நானும் அவளும் அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினாள், வெறும் விரல்கள்... பீலித் தண்ணீர் மாதிரியே குளிர்ந்திருந்தன. மன்னார்க் கடலைத் தாண்டியபின் அவளைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

இப்போது அந்த லயத்தில் வீட்டுக்கு வீடு பைப் வந்துவிட்டது. பீலிக்கரையில் யாரும் நிற்பதில்லை என்கிறார்கள். போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளைகள் ஏதோ ஒரு மாய உலகத்து மோதிரத்தைப் பற்றி அடித்துக்கொண்டார்கள். மோதிரத்துக்குச் சொந்த புத்தி உண்டா இல்லையா என்று காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. சத்தத்தை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டேன். இந்த வயதில் வாதாட உடம்பில் தெம்பில்லை...

சாயங்காலம் மருமகள் எனக்கு மட்டும் தனியாக மெசேஜ் போட்டுக் கேட்டாள். "அத்தை, நீங்க நெறைய வாசிச்சவங்க. மோதிரம் தானா கழண்டு போகுமா?"

உண்மை எனக்குத் தெரியும். நேரில் கேட்டவள் நான்.

"போகும்மா" என்று எழுதி அனுப்பினேன். "சில மோதிரம் தானாத்தான் கழண்டு போகும்."