டோரீன் அக்காவின் குட்டை

விடிந்ததும் டோரீன் அக்கா ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு குட்டைக்கு இறங்குகிறார். முந்தின நாள் தண்ணீரின் விளிம்பில் வைத்த கல்லைக் குனிந்து தொட்டுப் பார்க்கிறார். ஈரமாக இருந்தால் ஒரு "ம்". காய்ந்திருந்தால் அதுவும் கிடையாது. தண்ணீர் இறங்கி நிற்கும் இடத்தில் இன்னொரு கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் டீ போடுவார். ஒரு காலத்தில் அந்தச் சரிவில் கற்கள் மேலிருந்து அடிவரை படிக்கட்டு மாதிரி கிடந்தன.

இந்தச் சாலையில் வாரம் இரண்டு நாள் தபால் கொண்டு போகிறவன் நான், பதினெட்டு வருஷமாகிறது. அக்காவுக்கு அறுபத்தேழு வயது. இடது கையில் ஒரு விரலை வேலிக்கம்பி கொண்டு போய்விட்டது. நாய்க்கு 'வக்கீல்' என்று பெயர். "நாள் பூரா கத்துவான். ஆகப்போறது ஒண்ணுமில்ல" என்பார். அவர் போடும் டீயைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை, நாளைக்கும் அந்த வீட்டுக்குப் போயாக வேண்டும்.

நிலம் அவருக்கும் தம்பி லைலுக்கும் பொது. அப்பா விட்டுப்போனது. நல்ல மண், நல்ல புல், ஆனால் தண்ணீர் நிற்காது. புல்டோசர் சுலபமாகப் போகும் இடமாகப் பார்த்து அப்பா குட்டையை வெட்டிவிட்டார், அடியில் சரளை. மழை பெய்தால் ததும்பும், ஆறு வாரத்தில் தரை தெரியும். நகரத்தில் இருக்கும் லைல் விற்றுவிடலாம் என்று பிடித்த பிடியாக இருந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ப்ரெண்டிஸ் என்ற மதிப்பீட்டாளரை அழைத்து வந்தான். அந்த மனிதர் குட்டைக் கரையில் காரைவிட்டு இறங்கக்கூட இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தார், பிறகு சமையலறை மேஜையில் உட்கார்ந்து 'நிலையான நீர் இல்லை' என்று எழுதினார். அந்த ஒரு வரியில் நிலத்தின் விலை பாதியாக விழுந்தது.

அன்றைக்கு லைல் அக்காவிடம் ஒரு வாக்குக் கொடுத்தான். "மூணு வருஷம் தரேன்க்கா. மூணாவது கோடை முடியறப்ப குட்டையில தண்ணி இருந்தா, விக்கற பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லேன்னா விக்க வேண்டாங்கற பேச்சை நீ எடுக்கக் கூடாது."

ப்ரெண்டிஸ் தன் பேனாவை மேஜையிலேயே மறந்து போய்விட்டார். சாதாரண நீலப் பேனா. நான் தபாலில் அனுப்பிவிடுகிறேனே என்றேன். "இருக்கட்டும். அவரே வருவாரு" என்று அக்கா அதை ஜாம் பாட்டிலில் போட்டு ஜன்னலில் வைத்துவிட்டார். மாதம் ஒருமுறை எடுத்து, மை காய்ந்துவிட்டதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்ப்பார்.

மறுவருஷக் குளிர்காலத்தில் குட்டை வறண்டதும், அக்கா மேட்டுக் களிமண்ணை வண்டி வண்டியாகக் கொண்டு வந்து அடியில் பரப்பினார். தூறல் விழுந்து மண் இளகியது. நாற்பது மாடுகளையும் குட்டைக்குள் இறக்கிச் சுற்றிலும் வேலி போட்டார். தினமும் உள்ளேயே வைக்கோல், ஒரு நாள் இந்த மூலை, மறுநாள் அந்த மூலை. வைக்கோல் இருக்கும் பக்கமெல்லாம் நாற்பது மாடும் போய் மிதிக்கும். நம் ஊரில் நடவுக்கு முன் வயலை மிதித்துச் சேறாக்கித் தொழி அடிப்பார்களே, அதே வேலைதான். களிமண்ணும் சாணியும் வைக்கோலும் குழைந்து சரளையின் கண்ணை அடைத்தன. கடைத்தெருவில் சிரிக்காதவன் பாக்கியில்லை. டோரீன் மாடுகளுக்கு நடனம் கற்றுக்கொடுக்கிறாள் என்றார்கள். சொன்னவர்களில் நானும் ஒருத்தன், ஒப்புக்கொள்கிறேன். ஏழு வாரம் அந்த அம்மாள் முழங்கால் சேற்றில் நின்று "நகரு, நகரு" என்று மாடுகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த மழையில் குட்டை நிறைந்தது. மறுநாள் காலை கல் ஈரமாக இருந்தது. அதற்கு மறுநாளும். வெயில் குடிப்பது விரலளவு, பூமி குடித்தது சாண் கணக்கு. அந்தச் சாண் நின்றுபோயிற்று. அக்கா குழாய் இழுத்து நாலு தொட்டி கட்டினார். தண்ணீர் எட்டாததால் மாடே போகாத மேட்டுப் புல்லெல்லாம் மேய்ச்சலுக்கு வந்தது. இந்தக் கோடை, என் பதினெட்டு வருஷத்தில் இப்படியொரு வெயிலைப் பார்த்ததில்லை. சாலை நெடுக எல்லாரும் லாரித் தண்ணீர் வாங்கினார்கள். அக்கா வாங்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம், என்னமோ நானே மிதித்தது மாதிரி.

போன வியாழக்கிழமை மூன்றாவது கோடையின் கடைசி. நான் தபாலோடு போனபோது லைலும் ப்ரெண்டிஸும் அக்காவோடு குட்டைக் கரையில் நின்றிருந்தார்கள். லைல் தண்ணீரைப் பார்த்தான், தொட்டிகளைப் பார்த்தான், மெதுவாக ஆரம்பித்தான்.

"அக்கா, இப்ப வித்தா ரெண்டு மடங்கு வரும்க்கா."

"பேச்சையே எடுக்க மாட்டேன்னு சொன்னவன் யாருடா?"

லைல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிறகு சிரித்துவிட்டான். அவன் மோசமானவன் இல்லை.

ப்ரெண்டிஸ் மட்டும் விடவில்லை. மேலாக நிற்கும் தண்ணீராக இருக்கலாம், ஆழம் தெரியாமல் 'நிலையான நீர்' என்று எழுத முடியாது என்று இழுத்தார்.

"எறங்கிப் பாருங்க சார்" என்றார் அக்கா.

அவர் எங்களைப் பார்த்தார். எவரும் உதவிக்கு வரவில்லை. ஷூவைக் கழற்றினார், கால்சட்டையை மடித்தார், இறங்கினார். நாலாவது எட்டில் மடித்தது வீணாயிற்று. ஆறாவது எட்டில் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட, காகிதக் கட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வக்கீல் கரையிலிருந்து குரைத்துக்கொண்டே இருந்தான்.

டோரீன் அக்கா சட்டைப் பையிலிருந்து அந்த நீலப் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றி உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். பிறகு பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி நடந்து போய், அதை அவரிடம் நீட்டினார்.