மோடத்துக்கு வைத்த சந்தனம்

கடந்த மே மாதம் சந்திரகலாவுக்கு அறுபது முடிந்தது. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், விஜயதசமியன்று மிருதங்கம் கற்கத் தொடங்குவது என்று முடிவெடுத்தார்.

வகுப்பு ஆன்லைனில். சென்னை ஆசிரியை மதிவதனி கறாரானவர். முதல் நாள் ஒன்பது மணிக்குத் திரையில் இல்லாவிட்டால், அந்த இடம் காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடும்.

கணவர் ராஜமாணிக்கத்தின் ஒரே நிபந்தனை, சத்தம் கீழே கேட்கக் கூடாது, வாசிப்பது மாடியில்தான். கீழே இருந்த மோடத்தின் வைஃபை மாடி ஏறவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் மகன் அருண்பிரசாத் ஊருக்கு வந்தபோது, கேபிள் இழுத்து மாடியில் தனியாக ஒரு ரவுட்டர் வைத்துவிட்டுப் போனான்.

ஆயுத பூஜையன்று ராஜமாணிக்கம் ஸ்கூட்டர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மோடத்துக்கு முன்பக்கம் விளக்குகள் இருந்ததால், பின்பக்கம் தாராளமாகவே வைத்தார். விஜயதசமி காலையில் பார்த்தால், சந்தனம் காய்ந்து அங்கிருந்த சின்ன ஓட்டையை அடைத்திருந்தது. காற்று போகாமல் சூடாகிவிடுமே என்று ஊக்கை விட்டு அழுத்தி நோண்டினார். விளக்குகள் எல்லாம் அணைந்து மறுபடி எரிந்தன. மாடியில் நெட் போய்விட்டது.

அப்போது மணி எட்டரை.

"ஏங்க, வேணும்னே பண்ணீங்களா?"

"சாமி சத்தியமா இல்ல கலா. சுத்தம்தான் பண்ணேன்."

வீட்டுக்குள் செல்போனில் பேச்சு மட்டும்தான் எடுபடும், வீடியோ நகராது. சந்திரகலா மகனைக் கூப்பிட்டார்.

"அது ரீசெட் பட்டன்மா. நான் வெச்ச செட்டிங்லாம் அழிஞ்சிருக்கும். லேப்டாப்பை மோடத்துல கேபிள் போட்டு இணை. செட்டிங் பக்கத்துல பிரிட்ஜ்னு இருக்கும், அதைத் தட்டி சேவ் பண்ணு. மோடம் லைனை உள்ள விட்டா போதும். யூசர்நேம், பாஸ்வேர்டுலாம் ரவுட்டர் சொல்லிக்கும். இப்ப ரெண்டுமே நான்தான் பெரியவன்னு நிக்குது."

"அப்ப மோடம் வாயே தொறக்கக் கூடாதா?"

"கூடாதும்மா."

"கேட்டீங்களா?" என்றார் சந்திரகலா கணவரிடம்.

"எட்டு ஐம்பது," என்றார் அவர்.

"நீங்க ஜாஸ்தி பேசாதீங்க. அந்தக் கேபிளை எடுங்க."

அலுவலக வேகத்தில் தட்டியதில் மோடத்தின் அடியில் அச்சிட்டிருந்த பாஸ்வேர்டு ஒருமுறை தப்பாகிப் போனது. இரண்டாம் முறை பக்கம் திறந்தது. பிரிட்ஜ் வைத்து, சேவ் செய்து, கேபிளைப் பழையபடி ரவுட்டருக்கு மாற்றினார்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முதலில் மாடிக்கு ஓடியவர் ராஜமாணிக்கம்தான்.

மதிவதனி பெயர்களை வாசிக்க ஆரம்பித்தபோது சந்திரகலா மூச்சு வாங்கியபடி திரையில் இருந்தார்.

அடுத்த வகுப்பு வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு. அந்த நேரத்துக்கு ராஜமாணிக்கம் கிரிவலம் கிளம்புகிறார்.