தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம்

டிவியில் அண்ணன் தம்பி பிரியும் பழைய படம். எனக்குத் திருவொற்றியூர் டென்ட் கொட்டாய் ஞாபகம் வந்துவிட்டது.

வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பிப் பேச்சை விட்டிருந்த அப்பாவும் சித்தப்பாவும், அங்கே இதே படத்துக்கு மணலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தேம்பினார்கள். ரீல் மாற்ற விளக்கைப் போட்டதும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள். பேசிவிட மாட்டார்களா என்று நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

பெண்கள் பக்கத்துக் கயிற்றின் மேல் குனிந்து அம்மா சொன்னாள்: "போய்ப் பேசுய்யா. உன் தம்பியும் அழுதுகினு கீறாரு."

"அவன் படத்துக்கு அழுவுறான்மே. எனக்கா அழுவுறான்?"

விளக்கு அணைந்தது. இருவரும் மறுபடி அழுதார்கள். சாகும்வரை பேசவில்லை.

இப்போது அதே படம் மாடியிலும் ஓடுகிறது. கீழே என் பெரிய மகன் மூக்கை உறிஞ்சுகிறான். மாடியில் சின்னவன். அவர்கள் பேசி ஒரு வருஷமாகிறது.