டிக்கெட் இல்லாத இடங்கள்

பேத்தி பிறந்த சேதி வந்தபோது பெயின்டர் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். கீழே இருந்து மேஸ்திரி, "யோவ், தாத்தா ஆயிட்டேய்யா! பொண்ணு!" என்று கத்தினார். பெயின்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கையிலிருந்த பிரஷால் சுவரில் பெரிதாக ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ரெண்டு கண் வைத்துவிட்டு இறங்கினார். கண் ரெண்டும் நன்றாகத் திறந்திருந்தன.

அந்தக் கண்ணைத்தான் அவரால் நேரில் பார்க்கவே முடியவில்லை.

எடுத்த வேலையை முடித்துவிட்டு, மகள் வாழ்க்கைப்பட்ட அந்தப் பெரிய ஊருக்கு அவர் ரயிலேறி வந்தபோது குழந்தைக்கு ஒரு மாசம் தாண்டியிருந்தது. பிரசவத்துக்கு முன்னாலேயே வந்துவிட்ட அவர் மனைவி அங்கேயே இருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"அப்பா, மெதுவாப் பேசுங்க. கீழ வீட்டுக்காரம்மா இருக்காங்க."

"இருந்தா இருக்கட்டும். நான் என்ன திருடனா?"

"மூணு பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் இந்த ரூமை விட்டாங்க. அம்மா வந்ததுலேயே மூணு ஆயிடுச்சு."

குழந்தையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது அந்த வீட்டுக்காரம்மாவின் பெரிய மனசு. இருந்ததோ ஒரே அறை. மாப்பிள்ளைக்குக் கோடவுனில் ராத்திரி வேலை. பகலெல்லாம் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு தூங்குவார். காலை நீட்டினால் அடுப்பில் படும். அப்படிப்பட்ட இடத்தில் நாலாவது ஆள் எங்கே உட்காருவது?

அதனால் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ராத்திரி மாப்பிள்ளையோடு போய்க் கோடவுனிலேயே ஒரு மூலையில் பெயின்டர் படுத்துக்கொள்வது. பகல் முழுக்க ஊரைச் சுற்றிப் பார்ப்பது. சாயங்காலம் வீட்டுக்காரம்மா கதவைச் சாத்திக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்ததும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து, சாப்பிட்டு, பேத்தியைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையோடு கிளம்பிவிடுவது.

அந்தக் குட்டி அம்மணியோ, சரியாக அந்த நேரம் பார்த்துக் குளித்து, பால் குடித்து, அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். பெயின்டர் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைப் பார்ப்பார், காதைப் பார்ப்பார். வெண்டைப்பிஞ்சு மாதிரி விரல்கள். எல்லாம் சரி. கண்?

"பகல் பூரா கொட்டக் கொட்ட முழிச்சிருந்தாப்பா" என்பாள் மகள். "உங்களைக் கண்டாத்தான் தூக்கம் வருது அவளுக்கு."

"உங்க மூஞ்சி அப்படி" என்பாள் மனைவி.

அந்த ஊரில் மூச்சு விடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காசு கேட்டார்கள். ஆனாலும் போகப்போக, சும்மா பார்க்கக்கூடிய இடமெல்லாம் பெயின்டருக்கு அத்துப்படியாகிவிட்டது. காலையில் பாலம். நடந்து போகிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது. வெயில் ஏறினால் பெரிய கடைக்குள் போய், ஓடுகிற படியில் ஏறுவதும் இறங்குவதும். ஒன்றும் வாங்காமல் ரொம்ப நேரம் சுற்றினால் கடை ஆள் ஒரு மாதிரி பார்ப்பான்; அதனால் அவ்வப்போது ஒரு சட்டையை எடுத்து, தையலைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி வைத்துவிடவேண்டும். ஒரு ஹோட்டல் வாசலில் ஆள் உயரக் கண்ணாடித் தொட்டியில் மீன்கள். அதற்கும் காசில்லை, நின்றபடி பார்த்தால் போதும். உட்கார்ந்தால்தான் காப்பி சொல்லவேண்டும். மகள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை நூலகத்துக்குப் பின்னால் இருந்த பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுவார். அப்புறம் உள்ளே போய் ஒரு பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, படிக்கிற மாதிரி கண்ணயர்வார்.

"ஊரை நல்லா சுத்திப் பாத்தீங்களா மாமா?" என்று மாப்பிள்ளை ராத்திரி கேட்பார்.

"பாத்தேன் மாப்ளே. ராஜா மாதிரி ஊரு" என்பார் பெயின்டர். பேத்தியைத் தவிர எல்லாவற்றையும் முழித்த கண்ணோடு பார்த்துவிட்டேன் என்று மாப்பிள்ளையிடமா சொல்ல முடியும்?

ஊருக்குத் திரும்புகிற நாளும் வந்தது. சாயங்காலம் ரயில். முந்தின நாள் மகள் ரகசியமாகச் சொன்னாள்: "நாளைக்கு மத்தியானம் வீட்டுக்காரம்மா தங்கச்சி வீட்டுக்குப் போறாங்க. மூணு மணிக்கு வாங்கப்பா. பாப்பா முழிச்சிருக்கிற நேரம். ஆசை தீரக் கொஞ்சிட்டுப் போங்க."

மறுநாள் காலை பெயின்டர் முகத்தை வழித்து, மீசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டார். முதல் முதலாகப் பேத்தி தன்னைப் பார்க்கப் போகிறாள். பயந்துவிடக் கூடாதே!

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. பூங்காவில் இருந்தவர் நனையாமல் ஓடி ஒதுங்கிய இடம் ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம். ஓவியமெல்லாம் வைத்திருக்கிற காட்சிக்கூடம். 'அனுமதி இலவசம்' என்று வாசலில் போட்டிருந்தது. இப்படி ஓர் இடத்தை இத்தனை நாள் எப்படி விட்டோம் என்று இருந்தது அவருக்கு. பையைக் கவுன்டரில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

படங்களை எல்லாரும் பார்த்தார்கள். பெயின்டர் படம் மாட்டியிருந்த சுவரைப் பார்த்தார். நல்ல வேலை. பட்டி பார்த்து, தேய்த்து, கண்ணாடி மாதிரி கொண்டுவந்திருந்தான் எவனோ ஒருத்தன். தனக்குள்ளேயே சபாஷ் சொல்லிக்கொண்டு மேல் மாடிக்கு ஏறினார். கடைசி அறையில் படமே இல்லை. நடுவில் ஒரே ஒரு சுவர் மட்டும் தனியாக நின்றது. ஐயோ, அது நின்ற கோலம்! ஈரம் ஏறி, உப்புப் பூத்து, பெயின்ட் உப்பிப் பொருக்குப் பொருக்காக வெடித்திருந்தது. இத்தனை செலவு செய்த மகராசன் இந்த ஒரு சுவரையா அம்போ என்று விட்டுவிடுவான்?

கிட்டே போனார். ஆறிப்போன புண்ணின் பொருக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது அல்லவா? பெயின்ட் உப்பின சுவரைக் கண்டால் பெயின்டர் கை அப்படித்தான். கட்டைவிரல் நகம் தானாகப் போய் ஒரு விளிம்பில் நுழைந்தது. உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கத்தான். பொலபொலவென்று, ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்து, பிடிக்கப்போன ரெண்டு கையிலும் உதிர்ந்து கீழே விழுந்தது.

மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த காவல்காரப் பெண் எழுந்து ஓடி வந்தாள்.

"ஐயா! என்ன பண்றீங்க?"

"பயப்படாதம்மா. ஈரம் ஏறியிருக்கு. சுரண்டி எடுத்துட்டுப் பட்டி பாக்கலேன்னா பக்கத்துக்கெல்லாம் பரவிடும்."

"ஐயா, அது இங்க காட்சிக்கு வச்சிருக்கறது."

"எது?"

"இந்தச் சுவருதான்."

பெயின்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் பலகையில் செய்தவர் பேர் போட்டிருந்தது. சுவர் செய்தவருக்குப் பேர் போடுகிற வழக்கத்தை அவர் வாழ்நாளில் கண்டதில்லை.

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடக் காலில் விழுந்து கெஞ்சிவிட்டு ஓடி வந்திருக்கலாம். அந்த ஊரில் எல்லாரும் மரியாதையாகவே பேசினார்கள். மரியாதையாக ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். மடியில் வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் கையை வைக்கச் சொன்னாள் காவல்காரப் பெண்.

"கையைக் கழுவிடாதீங்கய்யா. நகத்துல ஒட்டியிருக்கறதும் அந்தச் சுவத்தோடதுதான். பழுது பாக்குற அம்மா வந்து எடுத்துக்குவாங்க. அதுவரைக்கும் எதையும் தொடாம இருங்க."

"எப்ப வருவாங்கம்மா?"

"வந்துட்டிருக்காங்க. அப்புறம் உள்ளூர்ல உங்களைத் தெரிஞ்சவங்க யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போகணும்."

அங்கேதான் பெயின்டர் மாட்டிக்கொண்டார். மகள் பேரைச் சொன்னால் விலாசம் கேட்பார்கள். விலாசம் கேட்டால் வீட்டுக்காரம்மாவுக்குப் போகும். நாலாவது ஆளால் அந்த ஒரே ஓர் அறையும் போகும். "எனக்கு இங்க யாரும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டார். சொன்ன வாய் கசந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மூணு அடித்தது. பெரிய முள் கீழே இறங்கத் தொடங்கியது. இந்நேரம் அவள் முழித்துக் கிடப்பாள். காலை உதைப்பாள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறாளோ! பெயின்டர் மடியிலிருந்த தன் கைகளைப் பார்த்தார். யாருடைய கையோ மாதிரி கிடந்தன.

சட்டைப் பையில் போன் அடித்தது. தொடக் கூடாதே! காவல்காரப் பெண்ணே எடுத்து அவர் காதில் வைத்தாள்.

"எங்கப்பா இருக்கீங்க? உங்களுக்காக அவளைத் தூங்கவிடாம வச்சிருக்கோம்!"

அதற்குமேல் அவரால் மறைக்க முடியவில்லை.

மாப்பிள்ளையை எழுப்பாமல், மனைவியும் மகளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடையோடு வந்து சேர்ந்தார்கள். ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனதைத் தவிரக் குழந்தை வெளியே வந்தது அதுவே முதல் தடவை. ஊர் சுற்றிப் பார்க்க அவளும் கிளம்பிவிட்டாள். அவளுக்கும் டிக்கெட் இல்லை.

மனைவி வாசலிலேயே ஆரம்பித்தாள். "நாலு இடத்தைப் பாத்துட்டு வாங்கன்னு விட்டா, ஊரான் சுவத்தைச் சுரண்டிட்டு உக்காந்திருக்கீங்களே! வீட்டுச் சமையக்கட்டுச் சுவரு பல்லை இளிச்சிட்டு நிக்குது. அதைத் தொட்டீங்களா ஒரு நாளு?"

"அம்மா, சும்மா இரும்மா" என்றாள் மகள். "அப்பா, இங்க பாருங்க. முழிச்சிருக்கா."

பெயின்டர் பார்த்தார்.

பெரிய கண்கள். அன்று சாரத்தில் நின்று அவர் வரைந்ததைவிடப் பெரிசு. போர்வைக்குள்ளிருந்து அவள் அவரையே உற்றுப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், மறுபடி மீசைக்கு வந்தாள். யார்ரா இவன் என்கிற மாதிரி புருவத்தைச் சுருக்கினாள்.

"தாத்தாடி தங்கம்! தாத்தா!" கை தன்னாலே மேலே எழுந்தது.

"ஐயா, கை…" என்றாள் காவல்காரப் பெண். சொல்லும்போது அவளுக்கே சங்கடமாக இருந்தது. "மன்னிச்சுக்குங்கய்யா. உதிர்ந்துடுச்சுன்னா என் வேலை போயிடும்."

கை மறுபடி தாளுக்கு இறங்கியது. கழுத்தை மட்டும் நீட்டி, நாக்கால் க்ளக் க்ளக் என்று சத்தம் கொடுத்தார், மீசையை ஆட்டினார். குழந்தையின் கையொன்று போர்வையை விட்டு வெளியே வந்து காற்றைப் பிடித்தது. அவருக்குக் கண்ணில் நீர் கட்டியது. துடைக்கவும் கை இல்லை. இத்தனை நேரம் திட்டிய மனைவிதான் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பழுது பார்க்கும் அம்மா வந்தார். நல்ல மனுஷி. "பரவாயில்லைங்க, ஒட்ட வச்சிடலாம்" என்றார். விலாசம் எதுவும் கேட்கவில்லை. கண்ணில் ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு, கண்மை தீட்டுகிற மாதிரி மெல்லிசான பிரஷால் ஒவ்வொரு நகமாகத் துகளைத் தட்டித் தாளில் சேர்க்கத் தொடங்கினார். பிரஷ் பிடிக்கிறவர்கள் அவசரப்பட மாட்டார்கள் என்பது பெயின்டருக்குத் தெரியாததா? ஆனால் அந்தப் பக்கம் குழந்தை ஒரு கொட்டாவி விட்டாள்.

"அம்மா, கொஞ்சம் சீக்கிரம்…"

"முடிஞ்சுதுங்க. இன்னொரு கை மட்டும்தான்."

கண் ஒருமுறை சொக்கியது, திறந்தது. "பாக்குறா, பாக்குறா" என்றாள் மகள். மறுபடி சொக்கியது. அவர் எழுந்து ஓடிப்போய்க் கையைக் கழுவி, சட்டையிலேயே துடைத்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, குட்டி அம்மணி வழக்கம்போலத் தூங்கிப்போயிருந்தாள்.

"எழுப்பட்டுமாப்பா?"

"வேணாம்மா. பாவம், ரொம்ப நேரம் எனக்காக முழிச்சிருந்தா."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மழை விட்டிருந்தது. வந்ததிலிருந்து சொன்ன நேரத்துக்கு வராத பஸ்ஸே அந்த ஊரில் இல்லை. இன்று ஒரு நாள் வராமல் இருக்கக் கூடாதா? வந்து நின்றது. குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, பையை மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டு ஏறினார். கதவு மூடிக்கொண்டது.

கதவு மூடிய சத்தத்தில் குழந்தை திடுக்கிட்டு எழுந்துவிட்டது போல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதன் வாய் திறந்து அழுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. மகள் அதைத் தூக்கி இவர் பக்கம் காட்டினாள். கண் திறந்திருந்ததா என்று பார்க்க அவர் கண்ணாடியில் ரெண்டு கையையும் பதித்து முகத்தை ஒட்டினார். கண்ணாடியெல்லாம் மழைத்தண்ணீர். வெளிப்பக்கத்தில் இருந்தது, துடைக்க முடியவில்லை.