விக்கல் எடுத்த கார்கள்

கார்களில் கார்புரேட்டர் போய் கம்ப்யூட்டர் வந்த பிறகு, மெக்கானிக்குக்கு ஸ்பேனரைவிட அதிகம் தேவைப்பட்டது பொறுமைதான்.

உங்கள் வண்டியும் இப்படிப் படுத்தியிருக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் விக்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் சாதுவாக ஓடும். பல்லடம் ரோட்டில் இருந்த என் ஒர்க்‌ஷாப்புக்கு அப்படி வந்த பல வண்டிகளில் குற்றவாளி த்ராட்டில் பொசிஷன் சென்சார். தீப்பெட்டி அளவுகூட இருக்காது. எவ்வளவு மிதிக்கிறோம் என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. அது உளறினால் வண்டியும் உளறும்.

மாற்றாதது ஒன்றுதான்

பனியன் கம்பெனி முதலாளி சிவசாமி காரைக் கொண்டுவந்தார். குலுங்கிக் குலுங்கிப் போகிறது என்றார். பிளக்கை மாற்றியாயிற்று, பெட்ரோல் பில்டரை மாற்றியாயிற்று, பெட்ரோல் பங்க்கைக்கூட மாற்றியாயிற்று. கடைசியில், கிளட்சை ஒழுங்காக விடத் தெரியவில்லை என்று டிரைவர் செல்வத்தையும் அனுப்பிவிட்டாராம்.

சென்சார் வயரில் மீட்டரை வைத்து, இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டிலை மெதுவாகத் திறந்தேன். வோல்டேஜ் சீராக ஏற வேண்டும். பாதி வழியில் பொத்தென்று விழுந்து மறுபடி ஏறியது. அவரையே திறந்து பார்க்கச் சொன்னேன். அவர் கையிலும் அதே இடத்தில் விழுந்தது. புது சென்சார் போட்டு ஓட்டிக் காட்டியதும் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் தொங்கிப்போயிற்று. மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, அப்ப அந்தச் செல்வத்தை நானே போயி கூப்புடோணுங்களா?"

செல்வத்தின் டெஸ்ட் டிரைவ்

போய்க் கூப்பிட்டிருக்கிறார். கொஞ்ச நாள் கழித்து சர்வீசுக்குக் காரைக் கொண்டுவந்தது செல்வம்தான். மதுரைப்பக்கத்துக்காரர். வேலை போன வருத்தத்தில் ஊருக்கே கிளம்ப இருந்தவரை, முதலாளி பஸ் ஸ்டாண்டில் பிடித்து அழைத்து வந்தாராம். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வண்டி நல்லாருக்குண்ணே. எங்க மொதலாளிக்கும் ஒருதடவ மீட்டர் வச்சுப் பாத்துருங்க" என்றார்.

வெள்ளிக்கிழமைக் குளியல்

பொங்கலூரில் தறி ஓட்டும் ஒருவர், வெள்ளிதோறும் பூஜைக்கு முன்னால் பானெட்டைத் திறந்து இன்ஜினுக்கே பம்ப் வைத்துத் தண்ணீர் அடிப்பார். சனிக்கிழமை வண்டி நகராது. சென்சார் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே தண்ணீர், கம்பி முனையெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. துடைத்துக் காயவைத்து மாட்டினேன். இனிமேல் ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று சொன்னபோது, கூட வந்திருந்த அவர் மனைவி சொன்னார்: "துணியெடுத்துத் தொடைக்கற பழக்கம் அவருக்கு இல்லீங்க, ஊட்டுலயும் அப்படித்தான்."

காங்கேயம் போனால் மட்டும்

கொமரலிங்கத்தில் விவசாயம் பார்க்கும் துரைசாமியின் கார், மாமனார் ஊரான காங்கேயத்துக்குப் போகும்போது மட்டும் நின்றுவிடும். மற்றபடி தோட்டத்துக்கும் உடுமலைக்கும் நன்றாக ஓடும். அவர் வேண்டுமென்றே நிறுத்துகிறார் என்பது மனைவி பூங்கொடியின் முடிவு. தன் தம்பியின் நிச்சயதார்த்தத்துக்குப் போகும்போது வண்டி நின்று பாதி வழியில் திரும்பியதிலிருந்து, அந்தம்மா அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

கொமரலிங்கத்திலிருந்து காங்கேயத்துக்கு நானே ஓட்டிப் பார்த்தேன். பின்சீட்டில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். தாராபுரம் தாண்டியதும் ஒரு வேகத்தடையில் காலை எடுத்தேன், இன்ஜின் நின்றது. நன்றாகச் சூடேறினால்தான் அந்தச் சென்சார் தப்புக் கணக்குச் சொல்லும். பக்கத்து ஊர்களுக்குப் போகும்போது அவ்வளவு சூடு ஏறுவதில்லை. விஷயத்தைச் சொன்னதும் பூங்கொடி கணவரைத் திரும்பிப் பார்த்து, "அன்னைக்கும் நெசமாலுமே நின்னுச்சுங்களா?" என்றார். துரைசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

சென்சார் மாற்றிய மறுவாரமே காங்கேயம் போய்வந்தார்கள். அதற்கு அடுத்த வாரமும் போனார்கள். பிறகு துரைசாமி மட்டும் தனியாக ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகில் கேட்டார்: "அந்தப் பழைய சென்சாரு இருக்குதுங்களா?"

இப்படியாக, வண்டியின் விக்கலை நிறுத்திவிட்டு, அதை ஓட்டி வந்தவர்களின் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டே என் பிழைப்பு ஓடியது.